மூச்சும் தூசும்

(உடற்கூறும் உடலியங்கியலும் பயிலும் முதலாண்டு மாணவர்களுக்கு)

ஒவ்வோர் ஆண்டும் முதற்பருவத் தேர்வு நெருங்கும்போது முதலாண்டு நண்பர்கள் சிலர் என் அறைக்கு வருவார்கள். கையிலே தடித்த பாடநூல், முகத்திலே கவலை. "எலும்புகள் 206, தசைகள் அறுநூற்றுக்கு மேல், நரம்புகளுக்கும் நாளங்களுக்கும் கணக்கே இல்லை. இவற்றையெல்லாம் எப்படி மனப்பாடம் செய்வது?" என்று கேட்பார்கள்.

கேள்வியிலேயே ஒரு பிழை இருக்கிறது. எப்படி மனப்பாடம் செய்வது என்று கேட்பவர், எதற்காகக் கற்பது என்று கேட்பதில்லை. நானும் முதலாண்டில் அவ்வாறே இருந்தேன். அதனால் எனக்கு மதிப்பெண் குறையவில்லை, குறைந்தது வேறொன்று. அதனை முதலிற் சொல்லிவிட்டு, நுரையீரல் என்னும் ஓர் உறுப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, இப்பாடத்தை எவ்வாறு பயின்றால் அது நம்மை விட்டு நீங்காது என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வீட்டில் இருந்த பாடம்

நான் பிறந்து வளர்ந்த ஊர் கோலார் தங்கவயல். 1880ஆம் ஆண்டை ஒட்டி ஆங்கிலேயக் குழுமம் ஒன்று அங்கே பெரிய அளவில் தங்கம் எடுக்கத் தொடங்கியது. வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ் மக்கள் குடும்பம் குடும்பமாக அங்குச் சென்றனர். தரைக்குக் கீழே 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை இறங்கி உழைத்தனர். 2001ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களின் இறுதியில் சுரங்கங்கள் மூடப்பட்டன. நான் பிறந்தது அதற்குப் பிறகு. ஆகவே நான் அறிந்த தங்கவயல் சயனைடு மேடுகளும், லைன் வீடுகளும், நாள்தோறும் பெங்களூருக்கு வேலைக்குச் செல்வோரைச் சுமந்து போகும் மாரிக்குப்பம் ரயிலும்தாம். சுரங்கத்தின் உட்புறத்தை நான் கண்டதில்லை. கண்டவர் ஒருவர் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். அவர் என் தாத்தா.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் கீழே வேலை செய்தவர். முதலில் வெடி வைத்த பின் கல் அள்ளும் வேலை. பிறகு பாறையில் துளையிடும் பொறி ஓட்டும் வேலை. பீடி, சிகரெட்டைத் தொட்டறியாதவர். என் நினைவு தெரிந்த நாள் முதல் அவர் உட்காரும் முறை ஒன்றே. உடலை முன்னுக்குச் சாய்த்து, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக்கொள்வார். கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் இரண்டு முறை நின்று நின்று வருவார். வீட்டில் அதை 'இளைப்பு' என்றோம். காட்டிய இடத்தில் மருந்து கொடுத்தார்கள். என்ன வேலை பார்த்தீர்கள் என்று அங்கே ஒருவரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

முதலாண்டு விடுமுறையில் ஒரு நாள் மூச்சு மண்டலப் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன்.

"என்னா கண்ணு, ஒரே இங்கிலீஷா கெடக்குது. என்னா பாடம்?" என்றார் தாத்தா.

"நுரையீரல், தாத்தா. காத்து எந்த வழியா உள்ள போவுதுன்னு பாடம்."

"காத்து போற வழி சரி. அதோட போன தூசு எந்த வழியா வெளிய வரும்னு போட்டிருக்குதா?"

எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. வேடிக்கை என்னவென்றால், அந்த விடை என் கையில் திறந்திருந்த அதே பக்கத்தில் இருந்தது. அதை எழுத்துப் பிசகாமல் ஒப்பிக்கவும் எனக்குத் தெரியும். அது ஒரு கேள்விக்கு விடை என்பதுதான் தெரியவில்லை.

உருவம் ஏன் இப்படி?

உடற்கூறு என்பது உறுப்பின் உருவத்தைச் சொல்வது. உடலியங்கியல் என்பது அதன் வேலையைச் சொல்வது. பாடத்திட்டத்தில் இவை இரண்டு தலைப்புகளாக இருக்கலாம். உடலில் இரண்டும் ஒன்றே. உருவத்தைப் பார்த்து 'ஏன்' என்று கேட்டால் வேலை தானே விடையாக வரும்.

மூச்சுக்குழலை எடுத்துக்கொள்வோம். அதன் நீளம் 10 முதல் 12 செ.மீ. குருத்தெலும்பு வளையங்கள் 16 முதல் 20 வரை அதனைத் தாங்குகின்றன. இவை முழு வளையங்கள் அல்ல. பின்புறம் திறந்த குதிரைலாடம் போன்றவை. ஏன்? குழல் எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். ஆகவே குருத்தெலும்பு வேண்டும். ஆனால் அதன் முதுகோடு ஒட்டி உணவுக்குழல் செல்கிறது. சோற்றுக் கவளம் இறங்கும்போது அது விரிய இடம் வேண்டும். ஆகவே பின்புறம் திறப்பு வேண்டும். இவ்வாறு அறிந்தபின் அதன் வடிவத்தை யாரும் மறக்க முடியுமா?

மூச்சுக்குழல் மார்பினுள் இரண்டாகப் பிரிகிறது. வலக்கிளை அகலமானது, ஏறக்குறைய நேராக இறங்குவது; இடக்கிளை சற்று ஒடுங்கிச் சாய்ந்து செல்வது. குழந்தை தவறி விழுங்கிய வேர்க்கடலை பெரும்பாலும் வல நுரையீரலிற் சிக்குவது இதனால்தான். கிளைகள் மேலும் மேலும் பிரிந்து, ஏறத்தாழ 23 தலைமுறைகளுக்குப் பின் காற்றுச் சிற்றறைகளில் முடிகின்றன. இரு நுரையீரல்களிலும் சேர்ந்து இச்சிற்றறைகள் 30 கோடிக்குக் குறையா. அவற்றின் சுவர்களை விரித்துப் பரப்பினால் சுமார் 70 சதுர மீட்டர் ஆகும். லைன் வீடு ஒன்றின் தரையை மூடி மிஞ்சும் பரப்பு அது. காற்றையும் இரத்தத்தையும் பிரிக்கும் சுவரின் தடிப்போ ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான். பரப்பு பெரிது, சுவர் மெலிது. பிராணவாயு உள்ளே போகவும் கரியமிலவாயு வெளியே வரவும் இதைவிட ஏற்ற அமைப்பு வேறில்லை. ஆனால் மெலிந்த சுவர் எளிதிற் கெடும் சுவரும் ஆகும். அங்கே கல்தூசு போனால் என்ன ஆகும்?

தூசு போகும் வழி, வரும் வழி

தூசினைத் தடுக்க உடல் மூன்று காவல்களை வைத்திருக்கிறது.

முதற்காவல் மூக்கு. மயிரும் ஈரமும் வளைந்த பாதையும் சேர்ந்து, 10 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்களில் பெரும்பாலானவற்றை அங்கேயே நிறுத்திவிடும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இரண்டாங்காவல் மூச்சுக்குழல்களின் உட்சுவர். அங்கே கோழைப் படலம் ஒன்று பரவியிருக்கிறது. அதற்கு அடியிலே நுண்ணிய மயிரிழைகள் நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் அசைந்து, படலத்தை மேல் நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. ஒட்டிய தூசு தொண்டைக்கு வந்து, விழுங்கப்படும் அல்லது துப்பப்படும். தாத்தா கேட்ட கேள்விக்கு முதல் விடை இதுதான். வேலை முடித்து மேலே வந்தவர்கள் கருத்த கோழையைத் துப்பினார்கள் என்றால், அந்தக் காவல் வேலை செய்தது என்று பொருள்.

ஆனால் 5 மைக்ரானுக்கும் குறைந்த துகள்கள் இவ்விரண்டு காவல்களையும் கடந்து சிற்றறை வரை போய்விடும். கண்ணுக்குத் தெரியும் தூசைவிடக் கண்ணுக்குத் தெரியாத தூசே கொடியது என்பது இதனால்தான். சிற்றறையில் கோழையும் இல்லை, மயிரிழையும் இல்லை. அங்கே மூன்றாங்காவலாக விழுங்கும் அணுக்கள் உலவுகின்றன. நோய்க்கிருமியோ கரித்தூளோ எது வந்தாலும் அவை விழுங்கி அப்புறப்படுத்தும்.

இங்கேதான் கல்லின் இயல்பு குறுக்கிடுகிறது. தங்கவயலில் தங்கம் இருந்தது குவார்ட்ஸ் எனப்படும் படிகக்கல்லின் கொடிகளில். அக்கல் சிலிக்காவால் ஆனது. புதிதாக உடைபட்ட சிலிக்காத் துகளை விழுங்கும் அணு அதைச் செரிக்க இயலாமல், தானே சிதைந்து மடிகிறது. மடியும்போது தன்னுள் இருந்த பொருள்களைச் சுற்றிலும் கொட்டிவிடுகிறது. விடுபட்ட துகளை அடுத்த அணு விழுங்குகிறது, அதுவும் மடிகிறது. இந்தத் தொடர் புண்ணை ஆற்ற முயலும் உடல், அங்கே நார்த்திசுவைக் கட்டுகிறது. கையில் ஆறிய காயத்தின் தழும்பு போல நுரையீரலெங்கும் சிறுசிறு முடிச்சுகள் தோன்றுகின்றன. இதுவே சிலிக்கோசிஸ். தூசை விட்டு நீங்கி வந்தபின்னும் இது வளரக்கூடும். ஏனெனில், உள்ளே போன துகள் உள்ளேயே இருக்கிறது. தாத்தாவின் கேள்விக்கு இரண்டாவது விடை இது: அந்தத் தூசிற்குத் திரும்பும் வழி இல்லை.

விழுங்கும் அணுக்கள் மடிவதால் வேறொரு தீங்கும் உண்டு. காசநோய்க் கிருமியை எதிர்ப்பவையும் அவ்வணுக்களே. ஆகவே சிலிக்கோசிஸ் உள்ளவர்க்குக் காசநோய் எளிதிற் பற்றுகிறது.

கணக்கில் தெரியும் உண்மை

ஓய்வாக இருக்கும் ஒருவர் மூச்சுக்கு 500 மி.லி. வீதம் நிமிடத்திற்கு 12 முறை மூச்சு விட்டால், நிமிடத்திற்கு 6 லிட்டர் காற்று உள்ளே போகும். எட்டு மணி நேரத்தில் 2,880 லிட்டர். பாறையோடு போராடி உழைப்பவருக்கு நிமிடத்திற்கு 30 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதே எட்டு மணி நேரத்தில் 14,400 லிட்டர். அதாவது ஐந்து மடங்கு காற்று. காற்றில் உள்ள தூசும் ஐந்து மடங்கு. மேலும், கடுமையாக உழைப்பவர் வாயாலும் மூச்சு வாங்குவார்; அப்போது மூக்கு என்னும் முதற்காவல் பயனற்றுப் போகும். நன்றாக உழைத்தவரே மிகுதியாகத் தூசை வாங்கினார் என்பது எவ்வளவு கொடிய கணக்கு!

இன்னொரு கணக்கு. உள்ளிழுக்கும் 500 மி.லி. காற்றில் சுமார் 150 மி.லி. குழல்களிலேயே நின்றுவிடும், இதற்கு 'பயனிலா இடம்' என்று பெயர். எஞ்சிய 350 மி.லி.தான் சிற்றறையை அடையும். நிமிடத்திற்கு 12 முறை என்றால் 4.2 லிட்டர். நார்பாய்ந்து விறைத்த நுரையீரல் எளிதில் விரியாது. ஆகவே நோயாளி குறைவாக இழுத்து, விரைவாக மூச்சு விடுகிறார். மூச்சுக்கு 250 மி.லி., நிமிடத்திற்கு 24 முறை என்று கொண்டால் மொத்தம் அதே 6 லிட்டர்தான். ஆனால் ஒவ்வொரு மூச்சிலும் 150 மி.லி. கழிய, சிற்றறைக்குப் போவது 2.4 லிட்டரே. பார்ப்பவர்க்கு மூச்சு அதிகம். உடலுக்கோ காற்று குறைவு. தாத்தா கடைக்குப் போகும் வழியில் நின்றதற்கு இந்தக் கழித்தல் கணக்கே காரணம்.

கையை ஏன் ஊன்றினார்?

தசைப் பாடத்தில் ஒவ்வொரு தசைக்கும் தொடங்குமிடம், சேருமிடம் என்று இரண்டைப் படிக்கிறோம். பெருமார்புத் தசை மார்பெலும்பிலும் விலாக் குருத்தெலும்புகளிலும் தொடங்கி மேற்கை எலும்பில் சேர்கிறது. அது சுருங்கினால் கை மார்பை நோக்கி வரும் என்று எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறோம். ஆனால் கையை முழங்காலில் ஊன்றி அசையாமல் நிறுத்திவிட்டால், அதே தசை சுருங்கும்போது எது அசையும்? விலாக்கூடு அசைந்து மேலெழும். உதரவிதானமும் விலாவிடைத் தசைகளும் மட்டும் போதாத நிலையில், கழுத்துத் தசைகளையும் மார்புத் தசைகளையும் மூச்சிற்குத் துணையாக உடல் அழைக்கிறது. ஒரு வகுப்பிலும் படியாத என் தாத்தா, நான் பக்கம் பக்கமாய்ப் படித்த தசை இயலைத் தம் உடலால் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தார். படித்த எனக்கு அதை வாசிக்கத் தெரியவில்லை.

நுரையீரலோடு கதை முடிவதில்லை. இதயத்தின் இடக் கீழறைச் சுவர் வலக் கீழறைச் சுவரைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு தடித்தது. ஏன்? இடப்பக்கம் உடல் முழுவதற்கும் இரத்தத்தைத் தள்ள வேண்டும். வலப்பக்கம் அருகிலுள்ள நுரையீரலுக்குத் தள்ளினாற் போதும். நுரையீரல் தமனியின் சராசரி அழுத்தம் 15 மி.மீ. பாதரச அளவுதான், பெருந்தமனியிலோ 90க்கும் மேல். ஆனால் நார்த்திசு நுரையீரலின் நுண்குழாய்களை நெரித்துவிட்டால், மெலிந்த வலக் கீழறை எதிர்ப்பை மீறித் தள்ள வேண்டியதாகிறது. முதலில் தடிக்கும், பின்பு தளரும். தளர்ந்தால் இரத்தம் பின்தங்கிக் கழுத்து நாளம் புடைக்கும். கணுக்காலில் நீர் கோக்கும். மார்பில் விழுந்த தூசின் விளைவைக் காலிற் காணலாம் என்பதை, உறுப்புகளைத் தனித்தனியே மனப்பாடம் செய்தவர் எங்ஙனம் அறிவார்?

கேட்க வேண்டிய கேள்வி

இத்தாலிய மருத்துவர் ரமசினி தொழில்நோய்களைப் பற்றிய தம் நூலை 1700ஆம் ஆண்டில் வெளியிட்டார். நோயாளியிடம் மருத்துவர் கேட்கும் கேள்விகளோடு, அவர் தொழில் என்ன என்பதையும் சேர்க்க வேண்டும் என்று அதில் வற்புறுத்தினார். இந்தியாவில் சிலிக்கோசிஸ் பற்றிய முதல் அறிக்கை 1947இல் கோலார்த் தங்கச் சுரங்கங்களிலிருந்து வந்தது என்று நம் நாட்டுச் சமூக மருத்துவப் பாடநூல்கள் குறிக்கின்றன. 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின்கீழ் இது அறிவிக்கப்பட வேண்டிய நோயும் ஆயிற்று. நம் ஊரின் பெயர் பாடநூலில் இருக்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் அதைப் பிற ஊரின் செய்தி போலப் படித்துவிட்டுப் போகிறோம்.

உடலின் வேலையைச் சரியாக அறியாமல் செய்யும் உதவியும் தீங்காகலாம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துத் தங்கச் சுரங்கங்கள் பலவற்றில், அலுமினியத் தூள் சிலிக்காவின் நஞ்சை அடக்கும் என்று நம்பி, 1943 முதல் 1979 வரை தொழிலாளர்களை அத்தூளை முகரச் செய்தனர். தூசு போன இடத்திற்கு மேலும் ஒரு தூசு! 2022இல் அம்மாகாணம் பார்க்கின்சன் நோயை அத்தூளோடு தொடர்புடைய தொழில்நோயாக ஏற்றுக்கொண்டது. சிலிக்கோசிஸிற்கு மருந்து தூசு தோன்றாமற் செய்வதுதான்: துளையிடும்போது நீர் பாய்ச்சுதல், நல்ல காற்றோட்டம், தூசு அடங்குமுன் ஆளை இறக்காமை.

தமிழிற் சொல்லிப் பார்த்தல்

நம்மில் பலர் ஆங்கிலத்திற் படிக்கிறோம், வகுப்பிற்கு வெளியே கன்னடம், வீட்டிலே தமிழ். பாடத்தைத் தமிழிற் சொல்லிப் பார்க்கும் பழக்கம் அருகிவிட்டது. இப்பாடம் தமிழுக்குப் புதிதன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், மானிப்பாயில் தமிழ் மாணவர்க்கு மருத்துவம் கற்பித்தார். கட்டர் என்பாரின் உடற்கூறு, உடலியங்கியல், நலவியல் நூலை 1850களிலேயே தமிழில் வெளியிட்டார். 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் பெரிய உடற்கூற்று நூலும் வந்தது. அன்று அவர்கள் அமைத்த சொற்கள் பல இன்று வழக்கிழந்தன, போகட்டும். ஒரு செய்தியை வீட்டாருக்கு விளங்கும் சொல்லில் சொல்ல முடியவில்லை என்றால், நமக்கே அது விளங்கவில்லை என்று பொருள். இதைவிடச் சிறந்த தேர்வு எந்தப் பல்கலைக்கழகத்திலும் இல்லை.

ஆகவே, உறுப்பு எதுவாயினும் நான்கு கேள்விகளை எழுதி விடை காணுங்கள்:

1. இதன் உருவம் என்ன? (படம் பாராமல் வரைக.)
2. இவ்வுருவம் எந்த வேலைக்கு ஏற்றது?
3. இது கெட்டால் அடுத்து எது கெடும்? உடலில் எங்கே அதைக் காணலாம்?
4. நான் அறிந்த ஒருவர் உடலில் இதைக் கண்டிருக்கிறேனா? அவர் தொழில் என்ன?

முதல் மூன்று கேள்விகள் தேர்வுக்குப் போதும். நான்காவது கேள்வி இல்லாவிட்டால் கல்வி வீட்டிற்கு வந்து சேராது.

இரண்டாம் ஆண்டு விடுமுறையில் தாத்தாவின் முன் அமர்ந்து, சிலேட்டில் படம் வரைந்து, மேற்கூறியவற்றைத் தமிழில் சொன்னேன். பின்பு அவரை அழைத்துச் சென்று, அவர் பார்த்த வேலையை முதலிற் சொல்லி, எக்ஸ்-ரே எடுக்கச் செய்தோம். நுரையீரலின் மேற்பகுதிகளில் முடிச்சுகள் தெரிந்தன. காசநோய்ச் சோதனையும் நடந்தது, அது இல்லை. பழைய நுரையீரலைத் திருப்பித் தர யாராலும் முடியாது என்பதையும் மறைக்காமற் சொன்னேன். அவர் அமைதியாகக் கேட்டார். பிறகு, "நம்ம லைன்ல இப்பிடியே நாலு பேரு இருமிக்கினு கெடக்கறாங்க. அவங்களையும் கூட்டினு போ கண்ணு" என்றார்.

சென்ற ஆண்டு தாத்தா மறைந்தார். அந்த நால்வரில் ஒருவருக்குக் காசநோய் இருப்பது சோதனையில் தெரிந்தது. ஆறு மாத மருந்தில் குணமடைந்து, இன்று நடமாடுகிறார். முதலாண்டிலேயே நான் கேட்டிருந்தால் ஓராண்டு முன்னதாகவே அவருக்கு மருந்து கிடைத்திருக்கும். நான் இழந்தது அந்த ஓராண்டு.

முதலாண்டு நண்பர்களே, இவ்விடுமுறைக்கு ஊர் செல்லும்போது பாடநூலையும் எடுத்துச் செல்லுங்கள். நெசவாளரின் தோளிலும், கல்லுடைப்பவரின் மார்பிலும், வயலில் நடுபவரின் இடுப்பிலும் அதன் பக்கங்கள் திறந்தே இருக்கின்றன. முதலில் அவர்கள் தொழிலைக் கேளுங்கள். பிறகு நூலைத் திறவுங்கள்.